நாடக ஆசிரியை விக்டோரியா உட் அம்மையார்

மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதற்கண் வைத்து எண்ணினார் தொல்காப்பியனார். பிறரை எள்ளுதலும், இளமையும், பேதைமையும், மடமையும் அந்நகை தோன்றுதற்கு நிலைக்களங்கள் என்பது அவர் கண்ட முடிபு. இவற்றுள் எள்ளல் ஒன்றே மேடையேறுவார்க்கு எளிதிற் கைவருவது. ஒருவரது உடலமைப்பையோ, வறுமையையோ, ஊர்ப்பேச்சையோ எடுத்து இகழ்ந்தால் அவையோர் உடனே சிரிப்பர். வீடு செல்லுமுன் அதனை மறந்தும் விடுவர். மக்களின் பேதைமையை அன்போடு நோக்கி, நோக்கியவாறே எழுதி, சிரிப்போர் தம்மையே அதனுட் கண்டு சிரிக்குமாறு செய்தல் அரிய செயல். அவ்வரிய வழியில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நடிகையும் எழுத்தாளருமாகிய விக்டோரியா உட் அம்மையார். அவருடைய வாழ்க்கையையும் கலையையும் பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

அம்மையார் 1953-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் வட இங்கிலாந்தில் லங்காஷயர் நாட்டுப் பிரெஸ்ட்விச் என்னும் ஊரிற் பிறந்தார். மக்கள் நால்வருள் இவரே இளையவர். தந்தையார் ஸ்டான்லி உட் காப்பீட்டு நிறுவனமொன்றிற் பணிபுரிந்தவர்; ஓய்ந்த நேரங்களிற் பாட்டும் நாடகமும் எழுதும் இயல்பினர். குடும்பம் பின்னர்ப் பெரி என்னும் நகரை அடுத்த மேட்டுநிலத்திலே தனித்து நின்ற பெரிய வீடொன்றிற் குடியேறியது. அவ்வீட்டிற்கு விருந்தினர் வருதல் அரிது. உடன்பிறந்தார் வளர்ந்து ஒவ்வொருவராய் வெளியே சென்றபின், சிறுமி விக்டோரியாவுக்குத் துணையாய் இருந்தவை புத்தகங்களும், பியானோவும், தொலைக்காட்சிப் பெட்டியுமே. பள்ளியிலும் அவர் எவரோடும் ஒட்டாதவராய், தம் பருத்த உடலை எண்ணி நாணுபவராய் இருந்தார். பிற்காலத்தில் தாமே இத்தனிமையைப் பலமுறை எடுத்துக் கூறியுள்ளார். ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. கூட்டத்தின் நடுவே நின்று பேசுவோர் பிறர் பேச்சைக் கேட்பதில்லை. ஓரத்தில் ஒதுங்கி நிற்போரே கேட்கின்றனர். பேருந்திலும் கடையிலும் பெண்டிர் பேசும் பேச்சு இச்சிறுமியின் செவியிற் புகுந்து, பல்லாண்டு கழித்து எழுத்தாய் வெளிவந்தது.

ஆறாம் வயதில் இவர் ஜாய்ஸ் கிரென்பெல் என்னும் புகழ்பெற்ற நடிகையின் நிகழ்ச்சியைக் காண அழைத்துச் செல்லப்பட்டார். திரைச்சீலைகளும் துணை நடிகரும் இன்றி ஒரு பெண் தனியே மேடையில் நின்று, பேச்சாலும் பாட்டாலும் ஓர் அரங்கையே சிரிக்க வைத்தலை அன்று கண்டார். இவ்வாறும் ஒரு தொழில் உண்டு என்பதனை அவர் அறிந்தது அன்றே. பதினைந்தாம் வயதில் ரோச்டேல் நகரத்து இளைஞர் நாடகப் பட்டறையிற் சேர்ந்தபோதுதான் தமக்குரிய இடம் இதுவென அவருள்ளம் தேறியது.

பள்ளிப் படிப்பு முடிந்தபின், மான்செஸ்டரில் இருந்த நாடகக் கல்லூரியொன்றிற் சேர விரும்பித் தேர்வுக்குச் சென்றார், இடம் கிடைக்கவில்லை. ஆனால் அன்று தேர்வுக்கு வந்தோரை வழிநடத்திய மாணவி ஒருத்தியைக் கண்டார். அவளே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஜூலி வால்டர்ஸ். அப்போது இருவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தாரல்லர். விக்டோரியா பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நாடகக்கலை பயின்றார். அங்கும் அவருக்கு நல்ல வேடங்கள் கிடைத்தில.

1974-இல் 'நியூ பேசஸ்' என்னும் தொலைக்காட்சித் திறமைப் போட்டியிற் கலந்துகொண்டு, தாமே இயற்றிய பாட்டைப் பியானோ வாசித்துப் பாடி ஒரு சுற்றில் வென்றார். வெற்றி பெற்ற பின்னரும் வாழ்க்கை தளிர்க்கவில்லை. தொடர்ந்து வேலையின்றி அரசாங்கத்தின் உதவித் தொகை பெற்று வாழ்ந்த காலமும் உண்டு. 1976-இல் 'தட்ஸ் லைப்' என்னும் நிகழ்ச்சிக்கு வாரந்தோறும் நாட்டுநடப்பைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு எழுதிப் பாடும் பணி கிடைத்தது. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இத்தடைகளின் காரணத்தை ஆராய்தல் வேண்டும். திறமைக் குறைவு அன்று காரணம். அக்காலத்து நகைச்சுவை மேடையில் பெண்களுக்கு இரண்டொரு வேடங்களே இருந்தன. அழகியாய் நின்று ஆடவர் நகையாடலுக்கு இலக்காதல் ஒன்று. கிழவியாய் நின்று ஏச்சுக் கேட்டல் மற்றொன்று. பருத்த உடலும் வடநாட்டுப் பேச்சும் உடைய ஓர் இளம்பெண், தன் பாட்டைத் தானே எழுதிப் பாடினால், அவளை எவ்வரிசையில் வைப்பது என்பது நிகழ்ச்சி நடத்துவோர்க்கு விளங்கவில்லை. பெரும்பாலோர் இந்நிலையில் வேறு தொழில் தேடியிருப்பர். இவரோ தமக்கேற்ற வேடம் உலகில் இல்லையாயின் அதனைத் தாமே எழுதிக்கொள்வது என்று துணிந்தார். அவர் எழுத்தாளர் ஆனதன் மூலம் இதுவே.

1978-இல் லண்டன் புஷ் அரங்கில் நடந்த 'இன் அட் தி டெத்' என்னும் நிகழ்ச்சியில் இவரும் ஜூலி வால்டர்ஸும் ஒருங்கே நடிக்க நேர்ந்தது. அதற்கென இவர் எழுதிக்கொடுத்த ஒரு சிறு காட்சி அவையோரைப் பெரிதும் மகிழ்வித்தது. தாம் எழுதிய சொல்லுக்கு ஜனங்கள் சிரிக்கும் ஓசையைக் கேட்டபோது எழுத்தே தம் வழி என்பதை உணர்ந்தார். அவ்வாண்டே ஷெபீல்டு நகரத்துக் குரூசிபிள் அரங்கின் பொருட்டு டேவிட் லீலண்டு என்பார் கேட்டுக்கொள்ள, 'டாலண்ட்' என்னும் நாடகத்தை எழுதினார். இரவு விடுதியொன்றில் நடக்கும் திறமைப் போட்டிக்குப் பாட வருகிறாள் ஒருத்தி. அவளுக்குத் துணையாய் வருகிறாள் பருத்த உடலினளாகிய தோழி. மேடையேறும் ஆசை, அதனைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆடவரின் இழிதகைமை, தோழமையின் சிறு கொடுமைகள் ஆகியவை அந்நாடகத்திற் சிரிப்பினூடே வெளிப்படுகின்றன. தோழியின் வேடத்தைத் தாம் ஏற்று, நடுநாயகமான வேடத்தை மற்றவர்க்கு அளித்தார் ஆசிரியை. இவ்வழக்கம் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

கிரனாடா தொலைக்காட்சி நிலையத்தைச் சார்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி என்பவர் இந்நாடகத்தின் அருமையை உணர்ந்து, 1979-இல் அதனைத் தொலைக்காட்சியில் அளித்தார். ஜூலி வால்டர்ஸ் பாடகியாக நடித்தார். அதனைத் தொடர்ந்து மேலும் இரு நாடகங்கள் வந்தன. பின்னர் இருவர் பெயராலும் 'உட் அண்டு வால்டர்ஸ்' என்னும் தொடர் அமைந்தது. ஆனால் 1981-இல் எக்கர்ஸ்லி காலமானார். எழுத்தை நோக்கித் திருத்தம் கூறும் தேர்ந்த கண் ஒன்று மறைந்தது. அத்தொடர் அம்மையார்க்கு மனநிறைவு தரவில்லை.

1985-இல் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் 'விக்டோரியா உட் ஆஸ் சீன் ஆன் டி.வி.' என்னும் தொடர் தொடங்கியது. 1987 வரை அது வந்து பாப்டா என்னும் உயர்ந்த பரிசுகளைப் பெற்றது. சிறு காட்சிகளும், தனிமொழிகளும், பாட்டுகளும் விரவிய அத்தொடர் முழுமையும் ஒருவர் கையெழுத்தே. அக்காட்சிகளுள் ஒன்றைக் கூறுவோம். விரைந்து உணவுண்டு செல்லவேண்டிய இருவர் உணவு விடுதியில் அமர்ந்து இரண்டு சூப்பு கேட்கின்றனர். பரிமாற வந்தவளோ கை நடுங்கும் கிழவி, காதும் மந்தம். அவள் உள்ளே சென்று திரும்பும் ஒவ்வொரு நடைக்கும் ஒரு யுகம் செல்கிறது. இவ்வளவே கதை. கிழவியாக நடித்த ஜூலி வால்டர்ஸுக்கு அப்போது வயது முப்பத்தைந்து அளவே. ஆயினும் அக்காட்சியைக் கண்டோர் கிழவியை இகழ்ந்து சிரிப்பதில்லை. காத்திருத்தலும், பொறுமை காட்ட முயன்று தோற்றலும் எல்லார்க்கும் பொதுவாகலின், தம்மையே நினைந்து சிரிக்கின்றனர்.

அத்தொடரில் மிகுந்த புகழ்பெற்ற பகுதி 'ஏகார்ன் ஆன்டிக்ஸ்' என்பது. பழம்பொருட் கடையொன்றில் நிகழும் குடும்பக் கதை அது. 'கிராஸ்ரோட்ஸ்' முதலிய, குறைந்த செலவில் அவசரமாய் எடுக்கப்பட்ட அக்காலத் தொடர்நாடகங்களின் பிழைகளை அது பிறப்பித்துக் காட்டியது. நடிகர் உரிய நேரத்திற்கு முன்னரே நுழைவர். ஒருவர் பேசவேண்டிய இடத்தில் வாய்திறவாது நிற்பர். படக்கருவி காட்டத் தகாததைக் காட்டும். தேநீர்த் தட்டேந்தி வரும் ஓவரால் என்னும் வேலைக்காரக் கிழவி, எத்துணைத் துயரமான செய்தியிடையிலும் பலகாரம் நீட்டுவாள். இவ்வாறு பிழைபட நடித்தல் எளிதென எண்ணற்க. யாப்பறிந்த புலவனே தளை தட்டும் வெண்பாவைச் சிரிப்பெழ இயற்ற வல்லான். யாப்பறியாதான் இயற்றியது வெறும் பிழையாகவே நிற்கும். அதுபோல ஒவ்வொரு தடுமாற்றமும் கணக்கிட்டு எழுதப்பெற்று, பலகால் ஒத்திகை பார்க்கப்பட்டதே. 2005-இல் இது பாட்டு நாடகமாகவும் லண்டனில் நடிக்கப்பட்டது. அதில் நடித்த செலியா இம்ரி லாரன்ஸ் ஒலிவியர் பெயரால் வழங்கும் பரிசைப் பெற்றார்.

இனி அம்மையாரின் எழுத்து நகை விளைக்கும் முறையைச் சிறிது விளக்குவோம். முதலாவது, அவர் பொதுப்பெயரை விடுத்துச் சிறப்புப்பெயரையே ஆள்வார். 'ஏதோ பலகாரம்' என்று அவருடைய மாந்தர் கூறார். இன்ன கடையில் இன்ன நாள் வாங்கிய இன்ன பலகாரம் என்றே கூறுவர். நம்மிடையே இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காணலாம். துக்க வீட்டிற் கூடிய பெண்டிருள் ஒருத்தி, இறந்தவரின் பெருமையைக் கண்ணீரோடு சொல்லிவரும்போதே, 'சென்ற தீபாவளிக்கு அவர் வீட்டு அதிரசம் மட்டும் பாகு முதிர்ந்துவிட்டது' என்று சேர்த்துக்கொள்வாளாயின், கேட்போர் உள்ளத்தில் நகையும் அவலமும் ஒருங்கே எழும். 'அதிரசம்' என்பதற்கு மாறாகப் 'பலகாரம்' என்று வைத்தால் அவ்விரண்டும் மறையும். இரண்டாவது, பெரிதும் சிறிதும் ஒரே மூச்சில் வருதல். சாவு, நோய், மணமுறிவு ஆகியவற்றை ஒருபாலும், தேநீர், காலுறை, பேருந்து நேரம் ஆகியவற்றை மறுபாலும் வைத்து, அவர் மாந்தர் இடையறவின்றிப் பேசிச் செல்வர். உண்மையில் மக்கள் பேசுவது அவ்வாறே அன்றோ? மூன்றாவது, ஓசை. ஒரு தொடர் எச்சொல்லில் முடியவேண்டும், அச்சொல்லுக்கு எத்தனை அசை இருத்தல் வேண்டும் என்பதனைச் செய்யுள் இயற்றுவார் போலத் தேர்ந்து எழுதினார். ஆதலின் நடிகர் ஒரு சொல்லையேனும் மாற்றிப் பேச அவர் இசைவதில்லை.

தனியே மேடையில் நின்று பேசுவதிலும் அவர் நிகரற்றவராய் விளங்கினார். ஐயாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தைப் பல இரவுகள் தொடர்ந்து நிரப்பினார். ஆறாம் வயதில் வேறொருவரிடத்துக் கண்ட அதிசயத்தைத் தாமே நிகழ்த்திக் காட்டினார் எனலாம். 1980-இல் ஜெப்ரி டரம் என்னும் மாயவித்தைக் கலைஞரை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். 2002-இல் கணவனும் மனைவியும் பிரிந்தனர்.

1994-இல் வந்த 'பாட் அண்டு மார்கரெட்' என்னும் நாடகத்தில் அவர் நகையினின்றும் அவலத்திற்கு வெளிப்படையாகவே அடிவைத்தார். நெடுஞ்சாலை உணவகத்தில் ஊழியம் செய்யும் மார்கரெட்டும், அமெரிக்கத் தொடர்நாடகத்தில் நடித்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய பாட்டும் உடன்பிறந்தோர். 27 ஆண்டுகள் பிரிந்திருந்தவரைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, மக்கள் கண்டு களிப்பதற்காக, எதிர்பாராவகையில் மேடைமேல் ஒன்றுகூட்டுகிறது. பழைய வறுமையை மறைத்து வாழ்ந்த அக்காளுக்கு அது பெருந்துன்பமாகிறது. பிறர் துயரைக் காட்சிப்பொருளாக்கும் ஊடகத்தின் போக்கை, அவ்வூடகத்திலேயே நின்று வினவிய நாடகம் இது.

1998 முதல் 2000 வரை வந்த 'டின்னர்லேடீஸ்' என்னும் தொடரை அவர் படைப்புகளுள் தலையாயது எனப் பலர் கருதுவர். மான்செஸ்டரில் ஒரு தொழிற்சாலை, அதன் உணவுச்சாலை, அங்கே ரொட்டி வாட்டியும் தேநீர் ஊற்றியும் பிழைக்கும் பெண்டிர் சிலர். காட்சி அவ்விடத்தை விட்டு வெளியே செல்வதேயில்லை எனலாம். பிரென் என்னும் பொறுமைசாலியாக அம்மையார் தாமே நடித்தார். அவளைக் குழந்தைப் பருவத்திற் கைவிட்டுச் சென்ற பொய்யுரைக்கும் தாயாக வந்தவர் ஜூலி வால்டர்ஸ். உண்மையில் இருவர்க்கும் வயது வேறுபாடு மூன்றாண்டுகளே. தொடரின் ஒவ்வொரு பகுதியும் வெள்ளியிரவு மக்கள்முன் நடித்துப் பதிவு செய்யப்படும். எவ்விடத்தில் சிரிப்பு எழவில்லை என்பதனை நோக்கி ஆசிரியை மீண்டும் எழுதுவார். சனியிரவு திருத்திய வடிவம் மறுமுறை நடிக்கப்படும். இவ்வாறு 16 பகுதிகள் முடிந்தபின், மக்கள் மேலும் விரும்பிய நிலையிலேயே தொடரை நிறுத்திக்கொண்டார். உழைப்பின் அளவும், நிறுத்தவேண்டிய இடத்தை அறிந்த அறிவும் இதனால் விளங்கும்.

2006-இல் எழுதி நடித்த 'ஹவுஸ்வைப், 49' அவருடைய வாழ்வின் பொருளையே விளக்கிக்காட்டும் நாடகம் எனலாம். 1937-இல் இங்கிலாந்தில் 'மாஸ் அப்சர்வேஷன்' என்னும் அமைப்புத் தோன்றியது. சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையை அவர்களே எழுதித் தருமாறு கேட்டுச் சேர்த்துவைத்தல் அதன் நோக்கம். 1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, பாரோ-இன்-பர்னெஸ் என்னும் கப்பல் கட்டும் ஊரில் வாழ்ந்த நெல்லா லாஸ்ட் என்னும் இல்லத்தரசி அதற்கு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். தம்மைப் பற்றி அவர் குறித்தது, தொழில் 'இல்லத்தரசி', வயது '49' என்பதே. கணவரின் மௌனத்தினிடையே ஒடுங்கிக்கிடந்த அப்பெண், போர்க்காலத் தொண்டிலும் எழுத்திலும் ஈடுபட்டுச் சிறிது சிறிதாய் நிமிர்ந்தார். போர் முடிந்த பின்னரும் எழுதுவதை விடாது 1966 வரை எழுதினார். அந்நாட்குறிப்பினின்றும் நூலொன்று 1981-இல் வெளிவந்தது. அதனைத் தழுவியே அம்மையார் நாடகம் எழுதி, நெல்லாவாகத் தாமே நடித்தார். 2007-இல் சிறந்த நடிகைக்குரிய பாப்டா பரிசும், சிறந்த தனி நாடகத்திற்குரிய பரிசும் அதற்குக் கிடைத்தன. வேடிக்கைப் பாட்டுக்காரி என்று மட்டும் அவரை மதித்திருந்தோர் அன்று வியந்தனர். நாம் வியத்தற்கு இடமில்லை. எவரும் கேளாத பெண்ணின் பேச்சு எழுதிவைக்கத் தக்கது என்பதே நெல்லாவின் நாட்குறிப்பு கூறும் செய்தி. அம்மையார் தொடக்கமுதல் கூறிவந்ததும் அதுவே.

பிற்காலத்தில் அவர் நாட்டம் பழைய நினைவுகளின்மேற் சென்றது. 1929-இல் மான்செஸ்டர் சிறுவர் பாடற்குழுவினர் ஹாலே இசைக்குழுவோடு பாடிப் பதிவுசெய்த ஒரு பாட்டை அடிப்படையாக வைத்து, 'தட் டே வி சாங்' என்னும் நாடகத்தை 2011-இல் மான்செஸ்டர் கலைவிழாவில் அரங்கேற்றினார். 2014-இல் அதனைத் தொலைக்காட்சிக்கும் தாமே இயக்கினார். சிறுவயதிற் பாடி மகிழ்ந்தவர் நடுவயதில் வாழ்க்கை வறண்டு நிற்க, அப்பாட்டை நினைந்து மீண்டும் தளிர்க்கும் கதை அது. அரசாங்கம் 1997-இல் ஓ.பி.இ. விருதும், 2008-இல் சி.பி.இ. விருதும் அவருக்கு அளித்தது. புற்றுநோயால் வருந்தி, அதனைப் பலருக்கும் அறிவியாது, 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20-ஆம் நாள் தமது 62-ஆம் வயதில் லண்டனில் காலமானார். பெரி நகரத்தில் 2019-இல் அவருக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. தனிமையில் வாடி நடந்த சிறுமியின் உருவம் அவ்வூர்த் தெருவிலேயே மக்கள் நடுவே நிற்கின்றது.

இவ்வரலாற்றினால் நாம் அறியத்தக்கது யாது? எழுதுகோல் தம் கையில் இருந்தும், சிறந்த சொற்களையெல்லாம் தமக்கே வைத்துக்கொள்ளாது ஜூலி வால்டர்ஸ், செலியா இம்ரி, பட்ரீஷியா ரௌட்லெட்ஜ், டங்கன் பிரெஸ்டன் முதலியோர்க்கு வாரி வழங்கினார் அம்மையார். தமக்கு வேடம் மறுக்கப்பட்ட துன்பத்தை அறிந்தவராதலின், பிறர்க்கு வேடம் அளிப்பதில் மகிழ்ந்தார் போலும். நம் கல்லூரி விழாக்களுக்கு நாடகம் எழுத முயலும் மாணாக்கர் அரசரையும் அமைச்சரையும் தேடி நெடுந்தொலைவு செல்கின்றனர். விடுதிச் சமையற்கட்டில் நடக்கும் உரையாடலும், புகைவண்டி நிலையத்தில் இரு மூதாட்டியர் பேசிக்கொள்வதும், தங்கள் தாயர் அண்டை வீட்டாரோடு வேலிக்கு மேலாய்ப் பேசுவதும் நாடகத்திற்குரிய பொருளென அவர்கள் எண்ணுவதில்லை. ஒருநாள் அப்பேச்சை ஒரு சொல்லும் மாற்றாது எழுதிப் பார்க்குமாறு அவர்களை வேண்டுகின்றோம். எள்ளாது கேட்கும் செவி வாய்க்குமாயின், அங்கே நகையும் அவலமும் குறைவின்றிக் கிடைக்கும்.